கடல் விலகிய கொற்கையும் கடைமடை நிலங்களும்

தாமிரபரணி நதியின் வடகரையில், ஏரலுக்கு அருகே, கொற்கை என்னும் சிற்றூர் இருக்கிறது. ஊரைச் சுற்றி நெல்வயலும் வாழைத்தோட்டமும் பாசனக் குளமுமே காணப்படுகின்றன. கடல் அங்கிருந்து கிழக்கே ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் தூரத்தில் உள்ளது. இவ்வூர் ஒரு காலத்தில் பாண்டிய நாட்டின் தலைமைத் துறைமுகமாய் இருந்தது என்றால், புதிதாய் அங்குச் செல்பவர் நம்புவது அரிது. ஆயினும் அது வாஸ்தவமே. கப்பல்கள் நின்ற இடத்தில் இன்று ஏர் நடக்கிறது. இந்த மாறுதல் எவ்வாறு நேர்ந்தது என்பது சரித்திரக்காரருக்கு மாத்திரம் உரிய விஷயம் அன்று. அதே காரணங்கள் இன்றும் தாமிரபரணியின் கடைமடையில் வேலை செய்து வருவதால், அப்பகுதியில் நிலம் வைத்திருப்போரும் கிராம உத்தியோகஸ்தர்களும் அவற்றை நன்கு அறிந்துகொள்வது அவசியம்.

1. கொற்கையின் பூர்வ நிலை

கிறிஸ்து சகாப்தத்தின் முதல் நூற்றாண்டில் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய கடல்வழிக் குறிப்பு நூலிலும், இரண்டாம் நூற்றாண்டில் தாலமி என்பவர் இயற்றிய பூகோள நூலிலும் இவ்வூர் ‘கொல்கை’ எனக் குறிக்கப்பட்டுள்ளது. முத்துக் குளித்தல் அங்கு நடந்ததென்றும், அவ்வேலையில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்றும் முதல் நூல் சொல்லுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சரித்திரத்தை எழுதிய கால்டுவெல் பாதிரியார், அந்தப் பழந்துறை இன்றைய கொற்கையே என்று நிலைநாட்டினார். 1968-69-ம் வருஷங்களில் தமிழ்நாட்டுத் தொல்பொருள் துறையார் அங்கு அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டு, கிறிஸ்துவுக்கு முன் 785-ம் ஆண்டளவைச் சேர்ந்ததென்று கணிக்கப்பட்டது. 2021-ம் வருஷத்தில் மீண்டும் அகழாய்வு நடைபெற்றது.

அந்தத் துறைமுகத்திற்குப் பின்புறம் இருந்த நாடு அப்போதே பயிர்த்தொழில் நாடாய் இருந்தது. கொற்கைக்குச் சிறிது தொலைவில் உள்ள சிவகளையில், புதைதாழி ஒன்றினுள் கிடைத்த நெல்லுமி கிறிஸ்துவுக்கு முன் 1155-ம் ஆண்டைச் சேர்ந்ததென்று 2021-ல் அறிவிக்கப்பட்டது. ஆகவே இந்நதிக்கரையில் நெற்சாகுபடி மூவாயிரம் வருஷங்களுக்கு மேற்பட்டது. முத்தும் சங்கும் கடலிலிருந்து வந்தன. நெல் வயலிலிருந்து வந்தது. நதிமுகத்தில் அமைந்த ஊருக்கு இரண்டும் ஒருங்கே வாய்த்தன.

2. கடல் விலகிய விதம்

கடல் தானாகப் பின்வாங்கவில்லை. நதியே அதைத் தூர்த்தது. பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி, சுமார் 125 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலுக்கு அருகே மன்னார் வளைகுடாவில் சேருகிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டினாலும் நீர் பெறும் நதி இது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வெள்ளம் பெருகும்போது, மலைச்சரிவிலும் மேட்டு நிலங்களிலும் அரித்த மண் யாவும் அந்நீருடன் வந்து சேரும்.

ஓடும் நீர் எவ்வளவு வேகமாய்ச் செல்லுகிறதோ அவ்வளவு கனமான மண்ணைச் சுமக்கும். வேகம் குறையுந்தோறும் சுமையை இறக்கிவிடும். முதலில் கல்லும் பருமணலும், பிறகு நுண்மணலும், கடைசியாக வண்டலும் களியும் படியும். நதி கடலை அடைந்ததும் அதன் வேகம் முற்றும் அடங்கிவிடுகிறது. அன்றியும், உப்பு நீருடன் கலந்தவுடன் களிமண்ணின் நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு விரைவில் அடியில் தங்கும். கடல் அலை வெளியிலிருந்து மணலைக் கொண்டுவந்து திட்டாக ஒதுக்கும். மணல்திட்டுக்கும் கரைக்கும் நடுவே ஆழமற்ற கழி உண்டாகும். அக்கழி வருஷந்தோறும் வண்டலால் நிரம்பி, முதலில் சேறாகவும், பிறகு உவர்நிலமாகவும், மழைநீரால் உப்புக் கழுவப்பட்டபின் நஞ்சையாகவும் மாறும். கொற்கைக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள தாழ்ந்த பூமி முழுவதும் இவ்வாறு உண்டானதே.

3. காயல் என்னும் பெயர்

கொற்கை தூர்ந்தபின் வியாபாரம் ஒழிந்துவிடவில்லை. கடலைத் தேடி அது கிழக்கே நகர்ந்தது. அடுத்த துறையின் பெயர் காயல். அச்சொல்லுக்குக் கழி என்றே பொருள். பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் ஆகிய மூன்று ஊர்ப்பெயர்களிலும் அது நிலைத்திருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, காயலில் ஹொர்முஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளை ஏற்றிவந்த கப்பல்கள் தங்கியதை எழுதியிருக்கிறார். காலக்கிரமத்தில் பழையகாயலும் கடலைவிட்டு உட்புறம் ஒதுங்கிற்று. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் நதியின் முகத்திலேயே உள்ள புன்னைக்காயலில் தங்கினர். பிறகு வியாபாரம், வண்டல் சேரும் ஆற்றுமுகத்தை விட்டு, வடக்கே தூத்துக்குடிக்குச் சென்றது. 1974-ல் அங்குப் பெருந்துறைமுகம் ஏற்பட்டது.

கொற்கை, காயல், தூத்துக்குடி ஆகிய மூன்று துறைகளையும் வரிசையாய் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். துறைமுகத்தைக் கெடுத்த வண்டலே வயலை உண்டாக்கிற்று. வண்டல் நல்லதா, கெட்டதா என்னும் கேள்விக்கு விடை அது தங்கும் இடத்தைப் பொறுத்தது. வயலில் தங்கினால் அது எரு. குளத்தில் தங்கினால் இடைஞ்சல்.

4. ஸ்பெயின் தேசத்து உதாரணம்

இவ்விஷயம் நமது நாட்டிற்கு மாத்திரம் உரியதன்று. ஸ்பெயின் தேசத்தின் தென்கோடியில், மத்தியதரைக் கடலோரத்திலும் இவ்வாறே நேர்ந்திருக்கிறது. அங்கு மலைகள் கடலுக்கு மிக அருகில் நிற்கின்றன. ஆறுகள் குறுகியவை, வேகமுள்ளவை. கிறிஸ்துவுக்கு முன் எட்டாம் நூற்றாண்டில் பினீசிய வணிகர்கள் வேலஸ் ஆற்றுமுகத்தில், கடல் உட்புகுந்திருந்த குடாவின் கரையில், ஒரு வியாபாரத் தலத்தை நிறுவினர். தொஸ்கானோஸ் என்று இன்று வழங்கும் அவ்விடம் இப்போது வயல்களுக்கு நடுவே இருக்கிறது. ஏறத்தாழ கொற்கையின் காலத்தது. கொற்கையின் கதியையே அடைந்தது.

அதற்குக் கிழக்கே சலோப்ரேனியா, மொத்ரில் என்னும் ஊர்கள் உள்ளன. சியரா நெவாடா என்னும் பனிமலையின் தென்சரிவிலிருந்து வரும் குவாதல்பெயோ நதி அங்குக் கடலில் சேருகிறது. கோட்டையுடன் கூடிய சலோப்ரேனியாவின் பாறை முற்காலத்தில் கடல் சூழ்ந்து நின்றது. நதி கொணர்ந்த மண் அதைக் கரையோடு இணைத்து, நடுவில் செழிப்பான சமவெளியை உண்டாக்கிற்று. அராபியர் அங்குக் கொண்டுவந்த கரும்பு ஆயிரம் வருஷங்களாகப் பயிராகி, 2006-ம் வருஷத்தில் கடைசி அறுவடையுடன் நின்றது. ஐரோப்பாப் பெருநிலத்தின் கடைசிக் கரும்பாலை அங்கேயே மூடப்பட்டது. இப்போது அவ்விடத்தார் சீத்தாப்பழத்தின் இனமான செரிமோயாவும், வெண்ணெய்ப் பழமும் மாம்பழமும் பயிர்செய்கிறார்கள்.

அவர்கள் அனுபவத்தில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. முதலாவது, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் குவாதல்பெயோ நதியின் குறுக்கே ரூலெஸ் என்னும் பெரிய அணை கட்டப்பட்டது. நதி கொணர்ந்த மண் அணையின் நீர்ப்பரப்பில் தங்கலாயிற்று. மண்வரத்து நின்றபடியால், முன்பு கடலை நோக்கி வளர்ந்துவந்த ஆற்றுமுகக் கரையை அலை அரிக்கத் தொடங்கிற்று. இரண்டாவது, பக்கத்து ஊராகிய அல்முனேகரில், பழத்தோட்டங்களுக்கும் ஊர்க் குடிநீருக்குமாகக் கிணறுகளிலிருந்து மிகுதியாய் நீர் இறைக்கப்பட்டது. நிலத்தடி நீர் தாழ்ந்ததும் கடலின் உப்பு நீர் உள்ளே ஏறிற்று. கடலிடமிருந்து பெற்ற நிலத்தைக் காக்க மண்ணும் நன்னீரும் தொடர்ந்து வரவேண்டும் என்பதே இதன் சாரம்.

5. நமது வண்டல் இன்று எங்கே தங்குகிறது

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. அவை கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்பனவாம். முதல் ஏழும் பூர்வகாலத்து அரசர்களால் ஏற்பட்டவை. கடைசியான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு 1870-களில் கட்டி முடிக்கப்பட்டது. மலையடிவாரத்தில் 1940-களில் பாபநாசம் மேலணையும், 1950-களில் மணிமுத்தாறு அணையும் ஏற்பட்டன. இந்த ஏற்பாட்டால் பாசனம் பெறும் நிலம் சுமார் 86,000 ஏக்கர். அதில் பாதிக்கு மேல், அதாவது சுமார் 46,000 ஏக்கர், மருதூர், ஸ்ரீவைகுண்டம் ஆகிய கடைசி இரண்டு அணைக்கட்டுகளைச் சார்ந்து இன்றைய தூத்துக்குடி ஜில்லாவில் இருக்கிறது. ஸ்ரீவைகுண்டத்தின் வடகாலும் தென்காலும் நேரே வயலுக்குப் பாய்வதோடு பல குளங்களையும் நிரப்புகின்றன. தென்காலில் கடம்பாகுளமும் வடகாலில் கொற்கைக்குளமும் ஆறுமுகமங்கலம் குளமும் குறிப்பிடத்தக்கவை.

ஆகவே, முன்பு கடல்முகத்தில் படிந்த வண்டல் இப்போது பெரும்பாலும் அணைக்கட்டின் மேற்புறத்திலும், கால்வாயின் அடியிலும், குளத்தின் உள்வாயிலும் படிகிறது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் மண் மேவிக் கொள்ளளவு குறைந்தபடியால், 2015-ம் வருஷத்தில் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவின்பேரில் தூர்வாரும் வேலை நடைபெற்றது.

குளத்தில் வண்டல் தங்குவதால் நேரும் நஷ்டத்தைக் கணக்கிட்டுப் பார்ப்பது நலம். ஓர் ஏக்கர் பரப்பில் ஓர் அடி உயரம் வண்டல் சேர்ந்தால் அது 43,560 கன அடி இடத்தை அடைத்துக்கொள்ளும். 100 ஏக்கர் நீர்ப்பரப்புள்ள குளத்தில் ஓர் அடி மேவினால் 43,56,000 கன அடி நீர் இழக்கப்படும். ஓர் ஏக்கர் நெல்வயலுக்கு இரண்டங்குலம் நீர் கட்ட 7,260 கன அடி வேண்டும். ஆகவே இழந்த நீர் 600 ஏக்கருக்கு ஒரு தடவை பாய்ச்சப் போதுமானது. பிசானப் பயிர் பால் பிடிக்கும் தருணத்தில் அந்த ஒரு தண்ணீர் இல்லாமையால் மகசூல் கெடுவதைக் கடைமடைக் குடிகள் நன்கு அறிவர்.

அவ்வண்டலை எடுத்து வயலில் இட்டால் இரட்டைப் பயன் உண்டு. தேரியை அடுத்த செம்மணல் பூமியிலும் மணற்பாங்கான தோட்டங்களிலும் நீர் நில்லாது இறங்கிவிடும். வண்டல் சேர்ந்தால் அந்நிலம் நீரையும் எருவின் சத்தையும் பிடித்துவைக்கும். ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் பரப்ப 3,630 கன அடி வண்டல் வேண்டும் என்னும் கணக்கை வைத்துக்கொண்டு, வண்டிச் செலவுக்குத் தக்கபடி சிறிது சிறிதாய்ப் பல வருஷங்களில் இட்டு வரலாம். ஆனால் கடலோரக் குளத்து மண்ணை இடுமுன் அதில் உப்பு உண்டா என்று சோதிக்கவேண்டும். உவர்மண்ணை நல்ல நிலத்தில் இடுதல் பெருந்தீமை. குளத்து வண்டலை விவசாயத்திற்கு இலவசமாய் எடுத்துக்கொள்ளச் சர்க்கார் இடம் கொடுத்திருக்கிறார்கள். அனுமதியும் அளவு விவரமும் தாசில்தார் அலுவலகத்தில் கிடைக்கும். தூர் எடுக்கும்போது குளத்தங்கரையின் அடியை ஒட்டித் தோண்டலாகாது. மடையின் மட்டத்திற்குக் கீழே குழி பறித்தலும் பாசனத்திற்குப் பிரயோஜனப்படாது.

6. கடைமடையில் உப்பு ஏறும் விதம்

கடலோர பூமியில் நிலத்தடியில் நன்னீர் மேலாகவும் உப்பு நீர் கீழாகவும் இருக்கும். நன்னீர் இலேசானது, கடல்நீர் அதைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனமானது. இக்காரணத்தால் நன்னீர், கடல்நீரை அழுத்திக் கீழே நிறுத்துகிறது. சமனான மணல் பூமியில், கடல்மட்டத்திற்கு மேல் ஓர் அடி உயரம் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழம் வரை உப்பு நீர் ஏறாது. இவ்விதியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹாலந்து தேசத்துக் கைபன் என்பவரும், சிறிது பின்னர் ஜெர்மனி தேசத்து ஹெர்ஸ்பெர்க் என்பவரும் தனித்தனியே கண்டறிந்தனர்.

இதை மறுபுறம் திருப்பிப் பார்த்தாலே ஆபத்து விளங்கும். கிணற்றுநீர் நிரந்தரமாய் ஓர் அடி தாழ்ந்தால் கீழேயுள்ள உப்பு நீர் 40 அடி மேலே ஏற இடம் ஏற்படுகிறது. நடுவில் களிமண் அடுக்கு இருந்தால் இக்கணக்குச் சிறிது மாறுபடும், விதி மாறாது. கிணறு உவர்த்ததும் மேலும் ஆழமாய்த் துளையிடுவது பலருடைய வழக்கம். அது உப்பு நீரைத் தேடிச் செல்வதேயாம்.

உப்பு ஏறுவதற்கு மற்றொரு வழி நதியே. கோடைகாலத்தில் நதியில் நன்னீர் வற்றும்போது, கடல் ஏற்றத்துடன் உப்பு நீர் ஆற்றுமுகத்தின் வழியே மேலே வரும். ஆற்றின் அடிமட்டம் எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவு தூரம் அது உட்புகும். மணல் அள்ளுவதால் ஆற்றடி தாழ்கிறது. 2010-ம் வருஷத்தில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளுவதைத் தடை செய்தது. அத்தகைய தடை ஆற்றின் அழகை மாத்திரம் காப்பதன்று. அது கடைமடைக் கிணறுகளையும் காப்பதாகும்.

நதிநீர் கடலில் கலப்பது முழுதும் வீண் என்னும் அபிப்பிராயம் பரவலாய் உண்டு. வெள்ளநீரைத் தேக்கிப் பயன்படுத்தவேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு சொட்டும் முகத்தை அடையாதபடி நிறுத்திவிட்டால் உப்பைப் பின்தள்ளவும், பூமிக்கடியில் ஊறிக் கிணறுகளைக் காக்கவும், கரைக்கு மண் கொடுக்கவும் நீர் இராது. முக்காணி, ஆத்தூர், பழையகாயல் பக்கத்து நிலங்களுக்கு அந்த நீர் வேலிபோன்றது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலையும் நன்னீரை நம்பியே நிற்கும் பயிர்.

7. உவரும் களரும்: சோதனையும் சீர்திருத்தமும்

உப்பினால் கெட்ட நிலங்கள் இருவகை. ஒன்று உவர்நிலம், அதில் கரையும் உப்புகள் மிகுதி. வெயில் காலத்தில் மேற்பரப்பில் வெண்மையாய் உப்புப் பூக்கும். மற்றது களர்நிலம், அதில் சோடியம் களிமண்ணைப் பற்றிக்கொண்டிருக்கும். நனைந்தால் சேறாகிக் காய்ந்தால் கல்லாய் இறுகும். நீர் உள்ளே இறங்காது. இரண்டிற்கும் மருந்து வேறு. கண்ணால் கண்டு தீர்மானித்தால் பணம் வீணாகும்.

நிலத்தில் பத்துப் பதினைந்து இடங்களில் அரை அடி ஆழத்திற்கு மண் எடுத்து, ஒன்றாய்க் கலந்து, நான்கு பாகமாக்கி எதிரெதிர்ப் பாகங்களைத் தள்ளி, கடைசியில் அரைக் கிலோ மண்ணை மண் பரிசோதனை நிலையத்திற்கு அனுப்பவேண்டும். வரப்போரம், எருக்குழி, மரநிழல் ஆகிய இடங்களில் மண் எடுக்கலாகாது. சோதனையில் உப்பின் அளவு நான்கு டெசிசீமன்ஸுக்கு மேற்பட்டு, கார அமில நிலை 8.5-க்குக் குறைந்திருந்தால் அது உவர். கார அமில நிலை 8.5-க்கு மேற்பட்டிருந்தால் அது பெரும்பாலும் களர். நெற்பயிர் மூன்று டெசிசீமன்ஸ் வரை நஷ்டமின்றித் தாங்கும். அதற்குமேல் ஒவ்வோர் அலகுக்கும் மகசூல் சுமார் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு குறையும்.

உவர்நிலத்திற்கு நன்னீரும் வடிகாலுமே மருந்து. ஓர் அடி ஆழ மண்ணில் உள்ள உப்பில் ஐந்தில் நான்கு பங்கு நீங்கவேண்டுமானால், ஏறத்தாழ ஓர் அடி உயர நீர் மண்ணின் வழியே கீழிறங்கி வடிகால் மூலம் வெளியேறவேண்டும். மேலே பாய்ந்து மேலேயே வழிந்தோடும் நீர் உப்பைக் கழுவாது. ஆகவே முதலில் வயலைச் சமன்செய்து, வரப்பை உயர்த்தி, பக்கத்தில் ஆழமான வடிகால் வெட்டி, பிறகே நீர் கட்டவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைநீரே இதற்குச் சிறந்தது, செலவும் இல்லை. உப்பளத்தை அடுத்த வயலானால் நடுவில் வடிகால் ஓடை அவசியம் இருக்கவேண்டும்.

களர்நிலத்திற்கு ஜிப்சம் இடவேண்டும். அளவைச் சோதனைப்படியே தீர்மானிக்கவேண்டும். தூளான ஜிப்சத்தைச் சமமாய்த் தூவி, மேலாக உழுது, நாலங்குல நீர் கட்டி, ஒரு நாளேனும் நிறுத்தி வடிக்கவேண்டும். மூன்று நான்கு தடவை இவ்வாறு செய்தல் நலம். வெறும் உவர்நிலத்தில் ஜிப்சம் இடுவதால் பயனில்லை. ஆனால் கடல்நீர் ஏறிய நிலம், உப்புக் கழுவப்பட்டபின் களராய் மாறுவது உண்டு. ஆகையால் கழுவிய பிறகு மறுபடியும் சோதிக்கவேண்டும்.

இரண்டு வகை நிலத்திற்கும் தக்கைப்பூண்டு சிறந்த பசுந்தாள் எரு. ஏக்கருக்கு 20 கிலோ விதை விதைத்து, 45 நாளில் பூக்கும் பருவத்தில் மடக்கி உழவேண்டும். உவரும் களரும் உள்ள வயலுக்குக் கோ 43, திருச்சி 1, திருச்சி 3 ஆகிய நெல்வகைகள் ஏற்றவை. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 1986-ல் வெளியிட்ட ஏ.எஸ்.டி. 16 முதலிய வகைகள் நல்ல நஞ்சைக்கு உரியவை. உப்பு மிகுந்த நிலத்தில் வாழையும் வெற்றிலையும் வைத்து முதலை இழப்பதைவிட, நிலம் திருந்தும் வரையில் நெல்லும், மேட்டில் தென்னையும் பனையும் வைத்திருப்பது விவேகம்.

8. வெள்ளத்தில் மணல் மேவிய வயல்

நதி பழைய வழக்கத்தை விட்டுவிடவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. குளங்கள் உடைத்தன, கடைமடையில் வாழையும் நெல்லும் அழிந்தன. வண்டல் படிந்த வயல்கள் பின்னர் பயன் பெறும். பருமணல் படிந்த வயல்கள் அவ்வாறு அல்ல.

படிந்த மணல் இரண்டு மூன்று அங்குலமாய் இருந்து அடியில் களிமண் இருந்தால், ஆழமாய் உழுது கலந்துவிடலாம்; களி இளகி நன்மையே உண்டாகும். அதற்கு மேற்பட்டால் மணலை வழித்து அகற்றவேண்டும். அகற்றிய மணலைக் கால்வாய்க் கரையிலோ வடிகாலிலோ குவித்தால் அடுத்த மழையில் அது மறுபடியும் வயலுக்கே வரும். தக்க அனுமதி இன்றி வெளியே ஏற்றி விற்றலும் கூடாது. அகற்றியபின் தொழு உரமும் பசுந்தாளும் தாராளமாய் இடவேண்டும். மேல்மண் போன இடத்தில் குளத்து வண்டலே தகுந்த ஈடு.

9. கிராமத்தில் செய்யத்தக்கவை

(1) வருஷந்தோறும் சித்திரையிலும் மார்கழியிலும் கிராமத்தில் குறிப்பிட்ட சில கிணறுகளின் நீர்மட்டத்தையும் உப்பின் அளவையும் கிராம உத்தியோகஸ்தர்கள் ஒரே புஸ்தகத்தில் எழுதி வைக்கவேண்டும். ஐந்தாறு வருஷக் குறிப்பு இருந்தால், உப்பு எப்பக்கத்திலிருந்து, எவ்வளவு வேகமாய் வருகிறது என்பது வெளியாகும்.

(2) கடலை அடுத்த கிணறுகளில் ஒரே மூச்சில் இறைக்காமல், சிறிது இறைத்து, ஊறவிட்டு, மறுபடியும் இறைக்கவேண்டும். உவர்த்த கிணற்றை ஆழப்படுத்தலாகாது.

(3) கார் பருவத்திற்கு முன், குளம் வற்றியிருக்கும் சமயத்தில், மடைவாயையும் வரத்துக்காலையும் முதலில் தூர்வாரவேண்டும். குளத்தை ஆழப்படுத்தி வரத்துக்காலை விட்டுவிட்டால் குளம் நிரம்பாது.

(4) மேல்மடையார் முறைக்கு மேல் நீர் கட்டினால் கடைமடையில் பயிர் மாத்திரம் கருகுவதில்லை, நிலமே உவர்க்கும். ஆகையால் பாசன சங்கத்தார் முறைநீரைக் கண்டிப்பாய் நடத்தவேண்டும்.

(5) வடிகால் ஓடைகளை ஆக்கிரமிப்பின்றி வைத்திருக்கவேண்டும். வாய்க்கால் நீரைக் கொண்டுவரும்; வடிகால் உப்பைக் கொண்டுபோகும். முன்னதைக் காப்பவர் பலர். பின்னதை நினைப்பவர் சிலர்.

கொற்கையில் மிகப் பழமையானதென்று ஊரார் மதிக்கும் வன்னிமரம் ஒன்று நிற்கிறது. வன்னி வறட்சியையும் உவரையும் தாங்கும் மரம். வாழையும் வெற்றிலையும் நெல்லும் அவ்வாறு தாங்கா. கடலிடமிருந்து நதி மீட்டுக் கொடுத்த இந்த பூமியில் அப்பயிர்கள் நிலைப்பது, வண்டலை வயலில் சேர்ப்பதிலும் நன்னீரைக் கடைமடை வரையில் கொண்டுசெல்வதிலுமே இருக்கிறது. அக்கடமை மேல்மடையாருக்கும் கடைமடையாருக்கும் பொதுவானது.